கழுத்து வெட்டிய துண்டுகள்

தீபாவளிக்கு முந்தைய பத்து நாள்களில் திருத்துறைப்பூண்டியில் எந்தத் தையல் கடைக்குள் எட்டிப் பார்த்தாலும் தரை தெரியாது. மிஷினின் மிதிபலகைக்கு அடியில் துணித் துண்டுகள் கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கும். இரவு கடை சாத்தும்போது அவற்றைக் கூட்டி அள்ளிச் சாக்கில் திணித்து வாசலில் வைத்துவிடுவார்கள். விடிந்ததும் குப்பை வண்டி வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். அந்த வண்டிக்கு முன்னால் போய் நிற்பதற்காகவே நான் ஐந்து மணிக்கு எழுந்துகொள்வேன்.

இப்போது அந்த அவசரம் இல்லை. வழக்கமாகப் போகும் கடைத் தம்பி எனக்கென்று ஒரு பையை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். "கழுத்துத் துண்டெல்லாம் தனியாகப் போட்டிருக்கிறேன் அக்கா, கைக்குழித் துண்டு வேண்டுமானால் சாக்கில் தேடுங்கள்" என்பார். எனக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ரவிக்கைக்குக் கழுத்து வெட்டும்போது கழன்று விழுகிற துண்டைப் பார்த்திருக்கிறீர்களா? துணியை இரண்டாக மடித்து வெட்டுவதால், விரித்தால் இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். மேலே நேர்கோடு, கீழே வளைவு. முன்கழுத்துத் துண்டு சிறியது. பின்கழுத்தை இறக்கி வெட்டும் இந்தக் காலத்து ரவிக்கைகளில் பின்துண்டு உள்ளங்கையை விடப் பெரிதாகவே கிடைக்கும். தலைகீழாகத் திருப்பி, இரண்டு மூலைகளைச் சீவிவிட்டால் அது தாமரை இதழ். நடுவில் மடித்தால் கிளியின் உடல். இடுப்போரத்திலும் கைக்குழியிலும் விழுபவை சீவல்கள், ஒழுங்கற்றவை. கழுத்துத் துண்டு மட்டும் யாரோ நமக்காகவே வெட்டிக் கொடுத்ததைப் போல இருக்கும். பெரும்பாலும் டூ பை டூ பருத்தித் துணியாக இருப்பது இன்னும் நல்லது. மெல்லியது, மடித்தால் மடிப்பு நிற்கும், ஊசி சிரமமில்லாமல் இறங்கும்.

இந்தத் துண்டுகளை வேறொரு துணியின்மேல் வைத்து, ஓரம் மடித்துத் தைத்துப் பூவாகவும் பறவையாகவும் ஆக்குவதுதான் என் வேலை. அப்ளிக் என்று தையல் வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் ஒட்டு என்றுதான் பெயர். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வெகு காலம் கூச்சமாக இருந்தது.

ஒட்டு மாங்கன்று என்றால் நம் ஊரில் விலை அதிகம். நல்ல ரகத்துக் கிளையை வேறொரு கன்றின்மேல் ஒட்டிக் கட்டியது என்பதால் தேடிப்போய் வாங்குகிறோம். அதே ஒட்டு துணிக்கு வந்தால் தலைகுனிவு. "ஒட்டுப் போட்ட சட்டை" என்று ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டால் வறுமையைப் பற்றி மேற்கொண்டு சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் அப்பாயி நடவுக்குப் போகும்போது ஒட்டுப் போட்ட சேலை கட்டுவார். அதே சேலையோடு கடைத்தெருவுக்குப் போகச் சொன்னால் போகமாட்டார். வயலில் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒட்டுப் போட்டவர்கள்தான், அங்கே மறைக்க ஒன்றும் இல்லை.

நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது என் சீருடைப் பாவாடை வேலிக் கம்பியில் மாட்டி, இடுப்புக்குக் கீழே ஒரு சாண் கிழிந்துவிட்டது. ஆண்டு நடுவில் இன்னொரு பாவாடை எடுக்க வழியில்லை. அம்மா அதே நீலத்தில் துணி தேடி வாங்கி வந்து, இரவெல்லாம் உட்கார்ந்து ஒட்டுப் போட்டார். "பக்கத்தில் வந்து பார்த்தால்தான் தெரியும்" என்றார். அன்று அது உண்மைதான். ஆனால் பாவாடை ஏற்கெனவே இருபது முப்பது தடவை வெளுத்தது, ஒட்டு புதிது. நாலு வெளுப்புக்குள் இரண்டு நீலமும் பிரிந்துவிட்டன. ஒட்டு மட்டும் மழை மேகம்போல இடுப்பில் உட்கார்ந்திருந்தது. அந்த ஆண்டு முழுவதும் பைக்கட்டை அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டு நடந்தேன். எனக்கு இடது தோள் சற்று இறங்கியிருப்பது அதனால்தான் என்று இன்றும் எனக்கு ஓர் எண்ணம்.

பல ஆண்டுகள் கழித்து, திருவாரூர்த் தேரோட்டத்தின்போதுதான் இதே வேலையை வேறு கண்ணால் பார்த்தேன். ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், எடை ஏறக்குறைய 300 டன் என்பதெல்லாம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் சொல்லாமலே தெரியும். ஆனால் அந்த உயரத்தில் மரம் கீழ்ப்பகுதி மட்டுமே. மேலே எழும்பி நிற்பதெல்லாம் மூங்கிலும் துணியும். தேர் நிலையிலிருந்து புறப்படக் காத்திருந்த நேரத்தில் கூட்டம் என்னைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிட்டது. அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே தொம்பைகள் என்கிற துணித் தொங்கல்கள் உருளை உருளையாகக் காற்றில் ஆடுகின்றன. சிவப்புத் துணியில் மஞ்சள் யாளி. பச்சையில் வெள்ளைத் தாமரை. ஓரங்களில் கிளிகள். எல்லாமே வெட்டி வைத்துத் தைத்தவை. வரைந்ததோ அச்சடித்ததோ ஒன்றுகூட இல்லை.

துணிமேல் துணி. ஒட்டு! ஊரே கையெடுத்துக் கும்பிடுகிற தேரில், ஆயிரக்கணக்கான ஒட்டு.

அந்தத் தொம்பைகளைத் தைப்பவர்கள் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் இருக்கிறார்கள். கோயில் தொம்பை, குடை, தோரணம், தேர்ச்சீலை எல்லாம் அவர்கள் கைவேலை. கும்பகோணத்தில் ஒரு சந்து வீட்டுத் திண்ணையில் வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் போய் நின்றேன். கற்றுக்கொடுங்கள் என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை. "ஐயா, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டேன். "உட்காரம்மா, பார்ப்பதற்குக் காசா கேட்கப்போகிறேன்" என்றார். அதன்பிறகு ஐந்தாறு முறை போய் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பைக்கட்டில் நான் தைத்திருந்த ஒரு பூவை ஒருநாள் அவரிடம் காட்டினேன். பழுப்புப் பையில் இளம்பழுப்புப் பூ. கண்ணை உறுத்தாமல் அடக்கமாக இருக்கிறது என்று எனக்குள் ஒரு பெருமை. அவர் அதைக் கையில் வாங்கி, தூரமாக நீட்டிப் பார்த்துவிட்டு, "எதற்காக இதை ஒளித்து வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார். "கீழவீதியில் நிற்கிற ஆளுக்குத் தேர் உச்சியில் இருக்கிற கிளி தெரிய வேண்டும். கிளி பச்சை என்றால் தரை சிவப்பு. சேராத நிறத்தைத்தான் சேர்க்க வேண்டும். சேருகிற நிறம் இரண்டைச் சேர்த்துவிட்டால், அது பார்க்கிறவர் கண்ணுக்குக் கறையாகத்தான் தெரியும்."

என் பாவாடையின் நீலம் உடனே நினைவுக்கு வந்தது. அம்மா நிறம் பொருத்தத்தான் பாடுபட்டார். அந்தப் பொருத்தம்தான் நாளடைவில் பிரிந்து காட்டிக்கொடுத்தது. அன்றைக்கு அந்தக் கிழிசலின்மேல் ஒரு மஞ்சள் கிளியை வைத்திருந்தால்? சீருடை விதி இடம் கொடுத்திருக்காது என்பது வேறு விஷயம். ஆனால் விதி இல்லாத இடத்திலும் நாம் நிறம் பொருத்தி ஒளிக்கவே பார்க்கிறோம். ஒட்டு கண்ணுக்குத் தெரிய வேண்டும், தெரிவதற்காகவே அதைச் செய்ய வேண்டும் என்பது எனக்கு அந்தத் திண்ணையில் கிடைத்தது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததும் முக்கியமாக அதுதான்.

இனி வேலையைப் பற்றி.

தேர்ச்சீலைக்கும் நாம் வீட்டில் செய்யும் ஒட்டுக்கும் பெரிய வேறுபாடு, தேர்ச்சீலை சோப்புத் தண்ணீரைப் பார்ப்பதில்லை. நம்முடையது வாரம் ஒருமுறை பார்க்கும். அதனால் எந்தத் துண்டாக இருந்தாலும் முதலில் ஓர் இரவு தண்ணீரில் ஊற வேண்டும். புதுப் பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும். தைத்தபிறகு சுருங்கினால் அடித்துணியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பூ முழுவதும் கூனிவிடும். அரக்கும் சிவப்பும் சாயம் விடுபவை. ஈரத் துண்டைப் பழைய வேட்டித் துணியில் வைத்து மடித்து அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். வேட்டியில் நிறம் இறங்கினால் மறுபடி ஊற வைக்க வேண்டும். மூன்று முறைக்குப் பிறகும் இறங்கினால் அந்தத் துண்டை விட்டுவிடுவேன், எவ்வளவு அழகான சிவப்பாக இருந்தாலும்.

அடுத்தது, துணி எந்த வகை என்று பார்ப்பது. ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டினால் போதும். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பட்டு, முடி கருகுகிற நாற்றம் அடிக்கும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டுவிடும். இதைச் சோம்பலால் ஒருமுறை விட்டேன். பருத்தி என்று நினைத்து ஒரு பச்சைத் துண்டின்மேல் நல்ல சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்ததும், துண்டு பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு புகைந்தது. நான்கு நாள் தைத்த மயில், கழுத்தோடு போயிற்று. அது பெண் பார்க்கப் போகும் ஒரு தங்கைக்காகத் தைத்துக்கொண்டிருந்த பை. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

அச்சுக்கு அட்டை வேண்டும். கல்யாணப் பத்திரிகையை மிஞ்சிய அட்டை கிடையாது. ஒரு முகூர்த்த மாதம் போனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கட்டு சேர்ந்துவிடும். பிள்ளையார் படம் இருக்கும் பக்கத்தை மட்டும் வெட்டாமல் எடுத்து வைத்துவிட்டு, மற்றதில் இதழ் வரைந்துகொள்வேன். பளபளப்புப் பூச்சு இல்லாத அட்டையாக இருப்பது முக்கியம், சூட்டில் பூச்சு துணியில் ஒட்டும்.

அட்டையைத் துணியின் பின்பக்கம் வைத்து, சுற்றிலும் கால் அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். அப்போது துணியின் பாவும் ஊடையும், அதாவது நீளவாக்கு இழையும் குறுக்கு இழையும், எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டின் பாவு, அடித்துணியின் பாவோடு ஒரே திசையில் போனால் வெளுக்க வெளுக்க இரண்டும் சேர்ந்து தளரும். குறுக்கே வைத்தால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். தண்டுக்கும் கொடிக்கும் மட்டும் வேண்டுமென்றே கிராஸாக, இழைக்குச் சாய்வாக வெட்டுவேன். கிராஸ் துண்டுதான் சொன்னபடி வளையும்.

விட்ட கால் அங்குலத்தில் சிறிய ஓடுதையல் போட்டு நூலை இழுத்தால், துணி சுருக்குப்பைபோல அட்டையைச் சுற்றி மூடிக்கொள்ளும். அந்த ஓரத்தில் சோற்றுக் கஞ்சியை விரலால் தடவி, இஸ்திரி போட்டு, காய்ந்ததும் அட்டையை உருவி எடுத்துவிடலாம். எடுத்துப் பாருங்கள், அட்டை போன பிறகும் இதழ் தன் வடிவத்தோடு நிற்கும். எத்தனை முறை செய்தாலும் அந்த நொடி எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. உள்வளைவு இருந்தால் மட்டும் ஓரத்தில் சின்னச் சின்னதாகக் கத்தரி வைக்க வேண்டும், வடிவக் கோட்டுக்கு இரண்டு இழை முன்னால் நிறுத்தி. அதற்கு மேல் போனால் நூல் பிரிந்துவிடும்.

பிறகு குண்டூசி குத்தி, ஹெம்மிங். நூல் முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம், முறுக்கிக்கொள்ளும். நூலின் நிறம் ஒட்டின் நிறமாக இருக்க வேண்டும், அடித்துணியின் நிறம் அல்ல. ஊசி அடியிலிருந்து வந்து, மடிப்பின் விளிம்பில் ஒன்றிரண்டு இழையை மட்டும் பிடித்து, வந்த இடத்துக்கு நேராகவே கீழே இறங்க வேண்டும். ஒட்டு எவ்வளவு பளிச்சென்று தெரிய வேண்டுமோ அவ்வளவுக்குத் தையல் தெரியாமல் இருக்க வேண்டும். திண்ணைப் பெரியவர் துணியின் முன்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை, பின்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பார். பின்பக்கம் ஒழுங்காக இருந்தால் முன்பக்கம் ஒழுங்காகத்தான் இருக்கும் என்பது அவர் கணக்கு.

சட்டையில் நேராகத் தைக்காமல், கழற்றி எங்கு வேண்டுமானாலும் வைக்கும்படி தனி ஒட்டாகச் செய்வதாக இருந்தால் அடித்துணி கனமாக வேண்டும். பழைய ஜீன்ஸ் கால் அதற்கு ஏற்றது. நெல் பிடித்த சணல் சாக்கும் நன்றாக இருக்கும், ஆனால் உமி முள் போகும்வரை மூன்று தண்ணீராவது அலச வேண்டும். ஓரத்தைப் பித்தான் காஜாவுக்குப் போடுகிற அதே தையலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டினால் பிரியாது. மழைக்குப் பயன்படும் பையாக இருந்தால் உடைந்த குடையின் துணியைப் பூவாக வைப்பேன். ஐப்பசி முடிந்ததும் எங்கள் தெருவில் கம்பி வளைந்த குடைகளுக்குப் பஞ்சமே இருக்காது. பழைய பட்டின் ஜரிகைக் கரையும் வாய்ப்பான பொருள்தான். ஆனால் கிழிந்த பட்டுக்குக் காசு தருகிறேன் என்று தெருவில் வருபவர்கள் பெரும்பாலும் எனக்கு முன்னால் வந்துவிடுகிறார்கள், அவர்களுக்கு வேண்டியது ஜரிகையில் இருக்கும் வெள்ளி.

இந்த வேலைக்கு விலை சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வரும். "கடைக் குப்பையில் எடுத்த துணிதானே" என்று பத்து ரூபாய்க்குக் கேட்டவர்கள் உண்டு. துணி குப்பையில் எடுத்ததுதான். எட்டு இதழ்த் தாமரை ஒன்றுக்கு என் கையும் கண்ணும் மூன்று மணி நேரம் குனிந்திருக்கின்றன. அது குப்பையில் கிடைத்ததல்ல. பழைய துணியில் செய்தது என்றதும் உழைப்பும் பழையதாகிவிடும் என்று ஏன் நினைக்கிறோம்? தொம்பை தைப்பவர்களிடமும் இப்படித்தான் பேரம் பேசுகிறார்கள் என்று அந்தப் பெரியவர் வருத்தத்தோடு சொன்னார்.

தேருக்கு ஒட்டுத் தைப்பது நம் டெல்டாவோடு நிற்கவில்லை. ஒடிசாவில் பிப்பிலி என்ற ஊரில், பூரி ஜகந்நாதர் தேருக்கு இதேபோல வெட்டி வைத்துத் தைக்கிறார்கள். ஜகந்நாதர் தேருக்குச் சிவப்பும் மஞ்சளும், பலபத்ரர் தேருக்குச் சிவப்பும் பச்சையும், சுபத்திரை தேருக்குச் சிவப்பும் கறுப்பும். சிவப்பு எல்லாவற்றிலும் உண்டு, பக்கத்தில் நிற்பது மாறுகிறது. எனக்கு அதைவிட நெருக்கமாகத் தோன்றுவது கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் செய்யும் கவந்தி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். கிழிந்த துணிகளை ஓரத்திலிருந்து தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்ளே தைத்துக்கொண்டே போய், நடுவில் முடிக்கும் போர்வை அது. நான்கு மூலையிலும் பூ என்று பெயர் சொல்லிச் சின்னத் துண்டு வைக்காமல் அவர்கள் போர்வையை முடிப்பதில்லை. குளிருக்குப் பூ தேவையில்லை. இருந்தும் வைக்கிறார்கள்.

2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு எனக்கு வேலை கூடிவிட்டது. கல்யாணத் தாம்பூலப் பைகளை மறுபடி சந்தைக்கு எடுத்துப்போகத் தொடங்கினார்கள். மஞ்சப்பை முதலில் கிழிவது கைப்பிடி சேரும் இடத்தில்தான். அங்கே உள்ளும் புறமும் ஒட்டு வைத்தால் இன்னும் இரண்டு வருஷம் தேங்காய் சுமக்கும். மணமக்கள் பெயர் அச்சிட்ட இடத்தை மட்டும் நான் மூடுவதில்லை. அந்தப் பெயர்களுக்கு மேலே இரண்டு கிளிகளை எதிரெதிராக வைத்துவிடுவேன். மஞ்சள்மேல் பச்சை, மூக்குக்குச் சிவப்பு. உழவர் சந்தையில் ஒருநாள் கத்திரிக்காய் எடுத்துக்கொண்டிருந்தபோது, பத்துக் கடை தள்ளி ஒரு பையில் என் கிளிகள் தெரிந்தன. பெரியவர் சொன்ன தூரத்துக்கு அவை தெரிந்தன.

இவ்வளவும் சொன்ன பிறகு கஜாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் புயல் கரை கடந்தபோது எங்கள் ஓட்டுக் கூரையில் பாதியைக் காணவில்லை. தென்னைகள் போனதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். வீட்டுக்குள் போனவற்றைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. அம்மாவின் தகரப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, நாங்கள் திறந்து பார்ப்பதற்குள் நாள்கள் ஓடிவிட்டன. சேலைகள் எல்லாம் துருவும் சேறும் பிடித்து, மடிப்புக்கு மடிப்பு கறை. கட்ட முடியாது. எறியவும் அம்மாவுக்கு மனம் வரவில்லை. பாத்திரத்துக்குத் துணி வாங்குகிறவர்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கறை இல்லாத இடங்களாகப் பார்த்து நான் வெட்டத் தொடங்கினேன். ஒரு சேலையில் முகம் துடைக்கும் அளவு கிடைத்தது, இன்னொன்றில் உள்ளங்கை அளவு. என் ஒட்டுகள் பலவற்றில் அந்தப் பெட்டிச் சேலைகளின் துண்டு இருக்கிறது.

பெட்டியின் அடியில் என் சீருடைப் பாவாடையும் இருந்தது. அம்மா அதை ஏன் வைத்திருந்தார் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. காய வைத்து அலமாரியில் போட்டுவிட்டேன். அதன்பிறகுதான் திருவாரூர், கும்பகோணம் எல்லாம்.

சென்ற மாதம் நீலத் துணி தேடும்போது அது கையில் அகப்பட்டது. இப்போது இரண்டு நீலமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. வெட்டலாம் என்று எடுத்தவள், பெரியவரின் பழக்கத்தில் பின்பக்கத்தைத் திருப்பினேன். மண்ணெண்ணெய் விளக்கில் போட்ட தையல். ஓரிடத்திலும் நூல் தாவவில்லை, முடிச்சு ஒன்றுகூட வெளியே இல்லை, மூலைகளில் மடிப்பு கத்தியால் கீறியதுபோல இருந்தது. அளவு நாடாவை வைத்து ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணினேன். 13. வேறோர் ஓரத்தில் எண்ணினேன். 13. அம்மா முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். இதை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"எதை?" என்றார்.

பாவாடையைக் காட்டினேன். முறத்தைக் கீழே வைக்காமலேயே எட்டிப் பார்த்துவிட்டு, "அதா? அந்த நீலத்துக்கு மூன்று கடை ஏறினேன்" என்றார்.

பாவாடையை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டேன். என் கையில் இதுவரை வந்தது அங்குலத்துக்கு 11.